ஒளியும் மீனை விரட்டாதீர்கள்



பாடசாலை விடுமுறை வந்தால் நமது ஊர் மீன் கடைகளில் நல்ல வியாபாரம். பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைக்கு ஒரு தொட்டி. பெருநாள் காசு சேர்த்து வைத்த பிள்ளைக்கு ஒரு தொட்டி. முழுநாளும் போனோடு கிடக்கிற பிள்ளை மீனையாவது பார்க்கட்டும் என்று வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், குறை சொல்வதற்கில்லை.

ஆனால் தவணை தொடங்கியதும் பிள்ளைகள் வந்து சொல்லும் கதைகள் ஒரே மாதிரி இருக்கின்றன. "சேர், மீன் வெளியில வருதே இல்ல." "சேர், நான் கிட்டப் போனாலே கல்லுக்குப் பின்னால ஓடுது." அடுத்த வாரம் விசாரித்தால், "அது செத்துட்டு சேர், வாப்பா வேற ரெண்டு வாங்கித் தந்தார்."

அந்தக் கடைசி வசனம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. ஒரு உயிர் போனது. அன்று பின்னேரமே அதற்குப் பதில் இன்னொன்று வந்துவிட்டது. பிள்ளை இதிலிருந்து என்ன படிக்கிறது?

என் கருத்தை நேரடியாகச் சொல்கிறேன். புது மீன் ஒளிவது அந்த மீனின் குறை அல்ல. அவசரம் நம்முடையது. காசு கொடுத்து வாங்கிவிட்டோம், இன்றைக்கே அது நம் முன்னால் ஓடி விளையாட வேண்டும் என்று நினைக்கிறோம்.

மீனின் பக்கம் நின்று கொஞ்சம் பாருங்கள். பண்ணைக் குளம், மொத்த வியாபாரியின் தொட்டி, கடைத் தொட்டி, பொலித்தீன் பை, கடைசியில் உங்கள் வீடு. ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் வேறு, வெளிச்சம் வேறு, சத்தம் வேறு. நம் வீடுகளில் வளரும் சின்ன மீன்களுக்குக் கண்ணிமை கிடையாது. இருட்டில் திடீரென்று லைட்டைப் போட்டால் கண்ணை மூடிக்கொள்ள அதனால் முடியாது. உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு என்ற உறுப்பால் தண்ணீரின் சின்ன அசைவையும் அது உணரும். நாம் விளையாட்டாகக் கண்ணாடியில் தட்டுவது அதற்கு இடி விழுந்த மாதிரி. மேலிருந்து ஒரு நிழல் விழுந்தால் கொக்கோ மீன்கொத்தியோ வந்துவிட்டது என்றே சின்ன மீன் ஓடும். நம் பிள்ளை ஆசையோடு தொட்டிக்கு மேலாகக் குனிந்து பார்க்கும்போது மீன் காண்பதும் அந்த நிழலைத்தான்.

நமது நாட்டு மீன் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கடைகளில் செரி பார்ப் என்று விற்கிறார்களே, ஐந்து சென்ரிமீற்றர் அளவில் வளரும் சிவப்பு மீன். சிங்களத்தில் 'லே தித்தெயா' என்பார்கள்; 'லே' என்றால் இரத்தம். உலகம் முழுவதும் தொட்டிகளில் வளர்க்கப்படும் இந்த மீனின் சொந்த இடம் இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்து ஓடைகள். 1929இல் தெரணியகல அவர்கள் இதை விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தினார். மரநிழல் விழும், உதிர்ந்த இலை அடியில் கிடக்கும், மெதுவாக ஓடும் நீர்தான் இதன் வாழ்விடம். இப்படிப்பட்ட மீனை வெறும் கண்ணாடிப் பெட்டியில் பளிச்சென்ற வெள்ளை லைட்டுக்குக் கீழே தனியாக விட்டுவிட்டு, "இது பயந்த மீன்" என்று சொல்வது நியாயமா?

சரி, என்ன செய்யலாம்? என் அனுபவத்தில் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும். அதை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் பில்டரில் பெருக நாலைந்து வாரம் எடுக்கும். விஞ்ஞானப் பாடத்தில் படித்த நைதரசன் வட்டம் இதுதான். புதுத் தொட்டியில் அந்தப் பற்றீரியா இல்லை. முதல் வாரமே மீன் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் இது. நாம் "கண் பட்டுவிட்டது" என்கிறோம். பில்டரை ஓடவிட்டு, ஒரு சிட்டிகை மீன் சாப்பாட்டை அவ்வப்போது போட்டு வந்தால் பற்றீரியா வளரும். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதன் பில்டர் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வைத்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். கடையில் விற்கும் அன்டி குளோரின் சொட்டு விடுங்கள், அல்லது அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள்.

கொண்டு வந்த அன்று லைட்டை அணைத்துவிடுங்கள். பையைக் கட்டு அவிழ்க்காமல் பதினைந்து இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள், சூடு சமமாகும். பிறகு பையைத் திறந்து தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் ஊற்றி, அரை மணி நேரத்துக்குப் பிறகு சின்ன வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம். அன்று சாப்பாடும் வேண்டாம். ஒரு நாள் சாப்பிடாவிட்டால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. போடும் சாப்பாடு அழுகினால்தான் ஆபத்து.

ஒளிய இடம் கொடுங்கள். இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். "சேர், ஏற்கனவே ஒளியுது, இன்னும் இடம் குடுத்தா பாக்கவே ஏலாதே!" நடப்பது தலைகீழ். ஓடிப் போய்ப் பதுங்க ஓரிடம் உண்டு என்று தெரிந்த மீன்தான் துணிந்து வெளியே வரும். நன்றாகக் கழுவிய சிரட்டை, உடைந்த மண்சட்டித் துண்டு (கூர் இல்லாமல் உரசி எடுங்கள்), கொஞ்சம் நீர்ச்செடி போதும். செலவே இல்லை. தொட்டியின் பின்பக்கக் கண்ணாடிக்குக் கறுப்புக் கடதாசி ஒட்டினால் மீனுக்கு ஒரு பக்கமாவது சுவர் இருக்கிறது என்ற நிம்மதி வரும்.

துணை பாருங்கள். பார்ப், டெட்ரா போன்றவை கூட்டமாக வாழும் மீன்கள். இரண்டு வாங்கினால் இரண்டும் மூலையில் நிற்கும். இரண்டு அடித் தொட்டியில் ஆறு செரி பார்ப் விட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பைட்டர் ஆண் மீன்கள் வேறு வகை. இரண்டைச் சேர்த்து விட்டால் சண்டைதான். எந்த மீன் எப்படி வாழ்வது என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

அதன் பிறகுதான் நம்பிக்கை. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே மூலையில், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு சாப்பாடு போடுங்கள். போட்டுவிட்டுப் பின்னால் போய் அசையாமல் உட்காருங்கள். சில நாட்களில் கதிரையைக் கொஞ்சம் கிட்டப் போடுங்கள். பிறகு இன்னும் கொஞ்சம். இந்த ஆள் வந்தால் சாப்பாடு வரும், ஆபத்து வராது என்று மீன் படித்துக்கொள்ளும். சில மீனுக்கு ஒரு வாரம் போதும், சிலதுக்கு ஒரு மாதம். நடுவில் ஒரு தரம் கையை விட்டுத் துரத்தினாலோ போன் டோர்ச்சை அடித்தாலோ திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒளிவது வேறு, நோய் வேறு. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால், செட்டையை மடக்கிக்கொண்டு கிடந்தால், உடலில் உப்புத் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி இருந்தால், பொறுத்திருக்காதீர்கள். குளோரின் நீக்கிய நீரால் தொட்டியின் கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு, தெரிந்தவரிடம் உடனே கேளுங்கள்.

"ஒரு சின்ன மீனுக்கு இவ்வளவா சேர்? சாமான் விலையில மனிசனே கஷ்டப்படுறான்" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன், நேரமும் வசதியும் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். மீன் வளர்ப்பது யார் மேலும் கடமை இல்லை. ஆனால் வாங்கி அடைத்து வைத்த பிறகு அது கடமை. பூனையைக் கட்டி வைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாத பெண்ணைப் பற்றிய ஹதீஸை மத்ரஸாவில் எல்லோரும் படித்திருக்கிறோம். தொட்டி மீனும் அதே நிலையில்தான் இருக்கிறது. அதற்குப் போக வேறு இடமில்லை, நம் கையைத் தவிர வேறு வழியுமில்லை.

ஆசிரியராக இன்னொன்றும் பார்க்கிறேன். தவணை நடுவில் வேறு ஊரிலிருந்து வரும் புதுப் பிள்ளையை முதல் நாளே எழுப்பி "பாட்டுப் படி" என்றால் அது இன்னும் சுருங்கிவிடும். பின்வாங்கில் இருக்க விட்டு, நல்ல கூட்டாளி ஒருவனைப் பக்கத்தில் வைத்தால், இரண்டு வாரத்தில் அதுவே கை உயர்த்தும். வீட்டில் மீனுக்காக ஒரு மாதம் பொறுத்திருந்து பழகிய பிள்ளை, வகுப்பில் அப்படிப்பட்ட கூட்டாளியாக இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

கடைக்காரச் சகோதரர்களிடமும் ஒரு வேண்டுகோள். தொட்டி வாங்க வரும் பிள்ளைக்கு மீனையும் அன்றே கட்டிக் கொடுக்காமல், "தண்ணியைத் தயார் பண்ணிட்டு அடுத்த மாசம் வாங்க மகன்" என்று சொல்லுங்கள். அந்த வாடிக்கையாளர் உங்களை விட்டுப் போகமாட்டார்.

பெற்றோரே, அடுத்த விடுமுறைக்கு இப்போதே தொட்டியில் தண்ணீரை நிரப்பி வையுங்கள். மீன் மட்டும் பிறகு வரட்டும்.