ஒற்றை ஆளுக்கு ஊரில் இடமில்லையா?

கரைதுறைப்பற்றுப் பிரதேச சபையில் இருக்கிற பிள்ளைகளே, கச்சேரியில் இருக்கிற பெரியவர்களே, மாகாணத்தை நடத்துகிற ஐயாமாரே! முல்லைத்தீவுத் தண்ணீரூற்றில் இருந்து எழுதுகிறேன். எழுபது வயது கடந்த மனுசி. எனக்கென்று ஒருவரும் மிஞ்சவில்லை. என்னைப் போல இந்த ஊரிலும் முள்ளியவளையிலும் குமுழமுனையிலும் வற்றாப்பளையிலும் எத்தனையோ பேர் தனித்துக் கிடக்கிறோம். நாங்கள் செத்தால் எரிக்கவோ புதைக்கவோ சுடலையைப் பராமரித்துத் தருவது பிரதேச சபையின் பொறுப்பு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதை உங்களிடம் தந்திருக்கிறது. சாகிற வரைக்கும் நாங்கள் எங்கே இருப்பது? அதை யார் யோசித்தீர்கள்?

போர் முடிந்து, மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தபோது என் வளவில் பற்றையைத் தவிர ஒன்றும் இல்லை. முதலில் தறப்பாள் தந்தார்கள். பிறகு தகரம் தந்தார்கள். பிறகு வீட்டுத்திட்டத்துக்குப் பதிவு என்றார்கள். வரிசையில் நின்று மேசைக்கு முன்னால் போனேன். “குடும்பத்தில எத்தினை பேர் அம்மா?” என்று அந்தப் பிள்ளை கேட்டது. “நான் மட்டும்தான் தம்பி” என்றேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. “ஒற்றை ஆள்தானே, முதல்ல பிள்ளை குட்டி உள்ள குடும்பங்களைப் பார்ப்பம். பிறகு வாங்கோ” என்றது. அந்தப் ‘பிறகு’ இன்னும் வரவில்லை.

நாங்கள் ஐந்து பேராக இருந்த குடும்பம். என் மனுசனையும் மகளையும் அவளுடைய கைக்குழந்தையையும் மாத்தளனில் எறிகணைக்குக் கொடுத்தேன். மகனை 2009 வைகாசியில் வட்டுவாகலில் தொலைத்தேன். அவர்களின் பெயரை நான் விரும்பியா குடும்ப அட்டையில் இருந்து வெட்டினேன்? எல்லோரையும் இழந்ததுதான் நான் ஒற்றை ஆளாக நிற்கக் காரணம். அந்த ஒற்றை ஆள் என்பதுதான் பட்டியலில் நான் கீழே போகவும் காரணம். இழப்பு கூடக் கூட உதவி குறையும் என்றால் இது என்ன நியாயம்? நெஞ்சு கொதிக்கிறது.

வந்த உதவியை நான் இல்லையென்று சொல்லவில்லை. 2010இல் இந்தியா அறிவித்த ஐம்பதாயிரம் வீட்டுத்திட்டத்தால் வன்னியில் எத்தனையோ குடும்பங்கள் கல்வீடு கண்டன. அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்தத் திட்டத்தின் பெரும்பகுதி எப்படி நடந்தது? ஐந்தரை இலட்சம் ரூபாவைக் கட்டம் கட்டமாக வங்கியில் போடுவார்கள். வீட்டுக்காரரே முன்னின்று கட்ட வேண்டும். அத்திவாரம் முடிந்தால் அடுத்த காசு, சுவர் எழும்பினால் அதற்கடுத்த காசு. மணல் பறிக்க, சீமெந்து தேட, மேசனோடு மல்லுக்கட்ட, இரவில் கம்பிக்கும் மரத்துக்கும் காவல் கிடக்க வீட்டில் ஓர் இளந்தாரி வேண்டும். கைத்தடியோடு நிற்கிற கிழவி இதில் எதைச் செய்வாள்? பிறகு எங்கள் அரசாங்கமே 2018, 2019இல் தொடங்கிய வீடுகளின் கதி இன்னும் மோசம். ஆட்சி மாறியதும் காசு நின்றது. நம்பிக் கடன்பட்டவர்கள் கூரையில்லாத சுவர்களைப் பார்த்துக்கொண்டு கொட்டிலில் இருந்தார்கள். அதில் முதியவர்களும் இருந்தார்கள்.

சரி, வீடு என்று நான்கு சுவரை எழுப்பித் தந்தால் போதுமா? என் மலசலகூடம் வளவின் பின்மூலையில் இருக்கிறது. குந்தியிருக்கிற வகை. ஏற இரண்டு படி. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மாரி மழையில் இரவில் போவதென்றால் ஒரு கையில் பொல்லு, ஒரு கையில் வாளி, ரோச் லைட் வாயில். அதற்குப் பயந்து பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு நான் தண்ணீர் குடிப்பதில்லை. “நல்லாத் தண்ணி குடியுங்கோ அம்மா, சிறுநீரகம் பழுதாப்போகும்” என்று கிளினிக்கில் டொக்டர் பிள்ளை சொல்கிறது. அந்தப் பிள்ளைக்கு என்னவென்று விளங்கப்படுத்துவேன்?

பக்கத்து வளவுப் பெரியக்கா அந்தப் பயத்தையும் மீறி ஒரு கார்த்திகை இரவு எழும்பிப் போனா. பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, விடியுமட்டும் மழைக்குள் கிடந்தா. கத்தினது மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. சுவரில் இரண்டு முழக் கம்பி ஒன்று பூட்டியிருந்தால் அந்த மனுசி இன்றைக்கு என் விறாந்தையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பா. மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். துண்டு வெட்டுகிற நாளில்தான், “கூட்டிக்கொண்டு போக ஆர் இருக்கினம்?” என்ற கேள்வி வந்தது. ஒருவரும் இல்லை. வேறு மாவட்டத்தில் ஓர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவவுக்குச் சோறு குறையவில்லை, மருந்து குறையவில்லை. ஆனால் வைகாசி பிறக்க, “வற்றாப்பளைப் பொங்கல் எப்ப? என்னை ஆர் கூட்டிக்கொண்டு போறது?” என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டாவாம். அடுத்த பொங்கலுக்கு அவ இல்லை. செத்த செய்தி எங்களுக்கு எட்டாம் நாள்தான் வந்தது.

ஊரை விட்டு ஓடி ஓடியே எங்கள் ஆயுசு போனது. கடைசிக் காலத்தில் இன்னொரு இடப்பெயர்வா? வட மாகாணத்தின் அரச முதியோர் இல்லம் கைதடியில் இருக்கிறது. இங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். அதை நடத்துகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முல்லைத்தீவுச் சனத்துக்கு முதுமை என்றால் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறுவதுதான் வழி என்று எந்தக் கூட்டத்தில், யாரைக் கேட்டு முடிவெடுத்தீர்கள்?

சட்டம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டில், 9ஆம் இலக்கமாக வந்தது. பிள்ளைகள் பார்க்காவிட்டால் பராமரிப்புச் சபையில் முறையிடலாம், மாதாமாதம் காசு வாங்கித் தருவோம் என்கிறது அது. நான் யார் மேல் முறையிட? என் பிள்ளை எங்கே என்று கேட்டு முல்லைத்தீவில் 2017 பங்குனி தொட்டு நாங்கள் தெருவில் போராட்டம் இருந்தோம். வெயிலிலும் மழையிலும் அந்தப் போராட்டக் கொட்டகையில் என்னோடு இருந்த தாய் தகப்பன்மார் பலர் பதில் கிடைக்காமலேயே கண்மூடிவிட்டார்கள். பிள்ளையைத் தேடுகிறவளுக்குப் பிள்ளையிடம் காசு வாங்கித் தருகிற சட்டம் எதற்கு?

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைகள் இல்லாத, அல்லது பிள்ளைகளால் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்குத் தகுந்த இருப்பிடம் தருவது அரசின் பொறுப்பு என்று தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். படித்தீர்களா? அது என்னைப் பற்றியது. பெரியக்காவைப் பற்றியது. கால் நூற்றாண்டாக அந்த வசனம் புத்தகத்தில் கிடக்கிறது. கரைதுறைப்பற்றில் அதன் பேரில் ஒரு கல்லாவது வைத்தீர்களா?

கேட்டுப் போனால் கந்தோர் கந்தோராக அலைய விடுகிறீர்கள். சமூக சேவை மாகாணத்துக்குரியது என்பார்கள். முதியோர் உரிமை உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருக்கிறார், அது மத்திய அரசின் கீழ். வீடு என்றால் வீடமைப்பு அதிகார சபை. காணி என்றால் காணிப் பகுதி, அதற்குள் வனத்திணைக்களம் கல் போட்டிருந்தால் அது வேறு வழக்கு. ஒழுங்கையும் தெருவிளக்கும் பிரதேச சபை. மருந்து என்றால் சுகாதாரப் பகுதி. ஆளுக்கொரு துண்டு வைத்திருக்கிறீர்கள். முழு மனுசியாக என்னைப் பார்க்க ஒரு கந்தோரும் இல்லை. இந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒரு திட்டம் போடுவது எங்கள் வேலையா, உங்கள் வேலையா?

கேட்கிற இடத்தில் ஆளாவது இருந்ததா? 2011இல் வடக்கின் பல சபைகளுக்குத் தேர்தல் நடந்தது, எங்கள் கரைதுறைப்பற்றுக்கு நடக்கவில்லை. 2018 வரை காத்திருந்தோம். 2023 பங்குனியில் நாடு முழுக்கச் சபைகளின் காலம் முடிந்தது. காசில்லை என்று தேர்தலைத் தள்ளினார்கள். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றமே 2024 ஆவணியில் சொன்னது. 2025 வைகாசியில்தான் வாக்குப் போட்டோம். மாகாண சபையோ 2018 ஐப்பசியோடு போனது போனதுதான். இளையவர்களுக்கு அது காத்திருப்பு. எழுபது வயதுக்காரருக்கு அந்த வருடங்கள்தான் மீதமிருந்த ஆயுசு. அதை யார் திருப்பித் தருவீர்கள்?

உதவிப்பணம் தருகிறோமே என்பீர்கள். எழுபது கடந்த, வருமானமில்லாத முதியவருக்கு மாதம் 2,000 ரூபா என்று வருடக்கணக்காக இருந்தது. விலைவாசி வானத்துக்கு ஏறிய பிறகு, அது படிப்படியாகக் கூடி 2025இல் 5,000 ஆனது. வாங்குகிறோம், நன்றி. ஆனால் காசு இரவில் கூப்பிட்டால் எழும்பி வருமா? கிணற்றில் தண்ணீர் அள்ளித் தருமா? எங்கள் ஊரில் நிலத்தடித் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அள்ளித் தருகிற கைக்குத்தான் பஞ்சம்.

என்ன வேண்டும் என்று கேட்டால் சொல்கிறேன். மாளிகை வேண்டாம். ஊருக்கு நடுவில், பஸ் போகிற வீதிக்குக் கிட்ட, கோயிலும் சந்தையும் நடந்துபோகிற தூரத்தில் ஒரு காணி. அதில் பத்துப் பன்னிரண்டு சின்ன வீடுகள். ஆளுக்கொரு அறை, ஒரு குசினி, ஒரு விறாந்தை. படியில்லாத வாசல். அறையோடு சேர்ந்த மலசலகூடம், இருந்து எழும்புகிற வகை, சுவரில் பிடிகம்பி. திறந்தால் தண்ணீர் வருகிற குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில் அமத்தினால் ஆள் வருகிற மணி. நடுவில் எல்லோரும் கூடியிருக்க ஒரு மண்டபம். இரவும் பகலும் அங்கேயே இருக்கிற இரண்டு பராமரிப்பாளர்கள். இந்த ஊரில் வேலையில்லாமல் இருக்கிற எத்தனை பெண்பிள்ளைகளைப் பயிற்றி அந்த வேலையில் அமர்த்தலாம்! கிழமைக்கு ஒருக்கால் தாதி வந்து பிறசரும் சீனியும் பார்த்தால் போதும். என் கதவின் திறப்பு என்னிடம் இருக்கும். என் சோற்றை நானே ஆக்குவேன். முடியாத நாளில் ஒரு கை உதவிக்கு வரும்.

இது நடக்காத காரியமா? எங்கள் பிள்ளைகள் அகதியாகப் போன டென்மார்க்கில், பெரிய முதியோர் இல்லங்களைப் புதிதாகக் கட்டுவதை 1988ஓடு நிறுத்தினார்கள். முதியவருக்கு ஏற்ற தனி வீடுகளை அந்தந்த ஊர்ச் சபைகளே திட்டமிட்டன. அது பணக்கார நாடு என்று தட்டிக் கழிக்காதீர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் கேரளத்தைப் பாருங்கள். அங்கே கிராம பஞ்சாயத்துகள் முதியோருக்குப் பகல்வீடு நடத்துகின்றன. படுக்கையில் கிடப்பவரைத் தாதியர் வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். அதை உள்ளூராட்சியின் பொறுப்பாக 2008இலேயே அரசாங்கக் கொள்கை ஆக்கினார்கள். காசு உள்ள ஊர் என்பதால் அல்ல, முதியவரைத் திட்டத்தில் எழுதியதால் அது நடந்தது.

நான் எனக்காக மட்டும் கேட்கவில்லை. 1990 ஐப்பசியில் இதே தண்ணீரூற்றில் இருந்து முஸ்லிம் சனம் உடுத்த துணியோடு வெளியேற்றப்பட்டது. அவர்களில் என் வயதுக்காரர் புத்தளத்தில் நரை கண்டு, பிறந்த மண்ணில் கண்மூட வேண்டுமென்று திரும்பி வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் தொழிலோடு அங்கேயே இருக்க, இவர்கள் இங்கே தனிய. அவர்களின் தனிமைக்கும் என் தனிமைக்கும் என்ன வித்தியாசம்? கட்டுகிற வீடு அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

“எங்கட பண்பாட்டில் பிள்ளையள்தானே தாய் தகப்பனைப் பார்க்கிறது” என்று மேடையில் பேசுகிறீர்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த மண்ணில் நின்று அதைச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது? 2012 குடிசன மதிப்பிலேயே நாட்டில் நூறு பேரில் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது கடந்தவர்கள். அந்தத் தொகை ஏறிக்கொண்டே போகிறது. இன்றைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்கள் பிள்ளைகளும் கனடாவுக்கும் கொழும்புக்கும் போகத்தான் போகிறார்கள். நாளைக்கு இந்த வரிசையில் நீங்கள் நிற்பீர்கள்.

வருகிற பாதீட்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று மூன்று காரியம் செய்யுங்கள். கிராம அலுவலர் பிரிவு பிரிவாகத் தனித்து வாழும் முதியவர்களைப் பெயர் சொல்லிப் பதியுங்கள். காணியைக் குறித்து, மாகாணத்தையும் செயலகத்தையும் சுகாதாரப் பகுதியையும் ஒரே மேசையில் இருத்துங்கள். காசை ஒதுக்கி, முடிக்கிற திகதியை எழுதி, அந்தக் கடதாசியைச் சபை வாசலில் ஒட்டுங்கள். அதுவரைக்கும், வீடு கட்டி முடியாவிட்டாலும், ஒவ்வொரு கிழவன் கிழவியின் மலசலகூடத்திலும் ஒரு பிடிகம்பியைப் பூட்டுங்கள். அதற்கு எந்த அமைச்சின் அனுமதி வேண்டும்?

நான் பிச்சை கேட்கவில்லை. சட்டம் தருவதாகச் சொன்னதைக் கேட்கிறேன். அடுத்த முறை பதிவுக்கு வருகிற பிள்ளை “குடும்பத்தில எத்தினை பேர்?” என்று கேட்டால், “ஒரு ஆள்” என்றுதான் சொல்வேன். அந்த ஒரு ஆளுக்கு வீடு எழுதாமல் அந்தப் புத்தகத்தை மூட விடமாட்டேன்.