பேராசிரியர் எந்தத் தெருவில் தங்கினார்?

ரொம்ப நாளாக மனசில் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம். இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன்.

எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சூத்திரம் உண்டு. 'இந்தியச் சமூகவியல் முன்னோடிகள்' என்று கேள்வி வந்தால் பிறந்த ஆண்டு, படித்த இடம், எழுதிய நூல்கள், கருத்து ஒன்று, கடைசியில் ஒரு புகழ்மாலை. நானும் அப்படித்தான் எழுதினேன். மார்க்கும் விழுந்தது. ஆனால் நான் எழுதியது சமூகவியலா, தல புராணமா?

வரிசையைப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கிய குர்யே, 1924 முதல் 1959 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகச் சமூகவியல் துறையின் முகமாக இருந்தார். அவர் மாணவர் எம்.என்.ஸ்ரீநிவாஸ், ஆக்ஸ்போர்டு போய்வந்து 1951இல் பரோடாவிலும் 1959இல் டெல்லியிலும் துறைகளைக் கட்டினார். ஸ்ரீநிவாஸிடம் ஆய்வு செய்தவர் ஆந்த்ரே பெத்தேய். மூன்று தலைமுறை குரு-சிஷ்ய பரம்பரை!

இவர்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. 1970இல் ஸ்டான்ஃபோர்டில் வைத்த தீயில் களக்குறிப்புகள் கருகிப்போன பிறகும், நினைவை நம்பியே ஒரு கிராமத்தை 1976இல் புத்தகமாக்கியவர் ஸ்ரீநிவாஸ். சாதாரண விஷயமா?

என் கேள்வி வேறு. கிராமத்துக்குப் போன பேராசிரியர் எந்தத் தெருவில் தங்கினார்?

மைசூர்ப் பக்கத்து ராம்புராவில் ஸ்ரீநிவாஸ் தங்கியது ஊர்த்தலைவருக்குச் சொந்தமான இடத்தில். 1961-62இல் தஞ்சாவூர்ப் பக்கம் 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயர் கொடுத்த ஊரில் பெத்தேய் தங்கியது அக்ரஹாரத்தில். அங்கிருந்து பார்த்தால் சேரி எவ்வளவு தெரியும்?

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 1965இல் வந்த 'சாதி, வர்க்கம், அதிகாரம்' நூலில் பெத்தேய் அவரே ஒப்புக்கொள்கிறார்: அக்ரஹாரத்தில் இருந்ததால், பிராமணர்களைப் பற்றிய தகவல் அளவுக்கு ஆதிதிராவிடர்களைப் பற்றிய தகவல் தரமாக அமையவில்லை என்று. நேர்மையான மனிதர். நம்முடைய கைடுகள்தான் அந்த ஒரு விஷயத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை நமக்கு ஊட்டுகின்றன.

எங்கள் ஊரும் தஞ்சைப் பக்கம்தான். என் பாட்டி நடவு நட்டவர். எந்தத் தெரு என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது, என் பாட்டி தூரத்தில் குனிந்து நிற்கிற மாதிரியே எனக்குத் தெரிந்தது. முகம் தெரியவில்லை.

இன்னொன்று. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில், அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். அம்பேத்கர்! ஸ்ரீநிவாஸ் பிறந்ததே அந்த வருடம் நவம்பரில்தான். பின்னாளில் குர்யே சாதியைப் பற்றிப் பாடம் நடத்திய அதே பம்பாயில்தான் அம்பேத்கரும் வாழ்ந்தார், எழுதினார், போராடினார். எங்கள் பாடத்திட்டத்தின் முன்னோடிகள் பட்டியலில் அவர் இல்லை. கேட்டால், "அவர் அரசியல் தலைவர்ப்பா" என்று பதில் வருகிறது. சாதிக்குள் நசுங்கியபடியே சாதியை ஆராய்ந்தவர் அரசியல்வாதி. அக்ரஹாரத்தில் தங்கி ஆராய்ந்தவர் சமூகவியலாளர். இது என்ன கணக்கு?

"பேராசிரியரின் சாதியைப் பார்த்தா படிக்கிறாய்?" என்று நண்பன் கேட்டான். இல்லை நண்பா. யார், எங்கே நின்று பார்த்தார் என்று கேட்பதுதான் இந்தப் படிப்பின் அரிச்சுவடி. அதை ஊர்க்காரர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு, பேராசிரியர்களிடம் கேட்காமல் விடுவது பக்தி, படிப்பு இல்லை.

குர்யேயைப் படிப்போம், ஸ்ரீநிவாஸைப் படிப்போம், பெத்தேயைப் படிப்போம். பக்கத்திலேயே அம்பேத்கரையும் வைத்துப் படிப்போம். அடுத்த பரீட்சையில் நான் எழுதும் முதல் வரி, அவர் பிறந்த ஆண்டாக இருக்காது. அவர் தங்கிய தெருவாக இருக்கும்.

மார்க் குறைந்தால் குறையட்டும். பாட்டிக்கு முகம் வேண்டும்.