தொழிலாளிக்கு 2 ரூபாய்! முதலாளிக்கு 1,45,000 கோடி!

2019-ம் வருஷத்தை ஆலைத் தோழர்களும் விவசாயத் தொழிலாளர்களும் மறக்கலாகாது. அந்த வருஷம் ஜூலையில் மத்திய சர்க்காரின் தொழிலாளர் மந்திரி ஒரு தாராளப் பிரகடனம் செய்தார். தேசம் பூராவுக்கும் இதுதான் அடிமட்டக் கூலி என்று சர்க்கார் சொல்லி வைத்திருந்த தொகை நாளொன்றுக்கு 176 ரூபாய். அதை 178 ஆக்கினார். கூடியது 2 ரூபாய்! மாதம் 26 நாள் பாடுபட்டால் 52 ரூபாய்.

செப்டம்பர் 20-ந் தேதி நிதி மந்திரியின் முறை வந்தது. கம்பெனிகளின் லாபத்தின் மீது வரி 30 சதவிகிதத்திலிருந்து 22 ஆகக் குறைந்தது. புதிதாக ஆலை வைப்பவர்களுக்கு 15 தான். மற்றச் சலுகைகளும் சேர்ந்து வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் கஜானாவுக்கு வராது என்று சர்க்காரே கணக்குச் சொன்னது. பணமில்லை, பொறுத்திருங்கள் என்று நமக்கு உபதேசம் செய்கிற அதே சர்க்கார்தான்!

இந்த 2 ரூபாய் எந்தக் கணக்கில் வந்தது? சர்க்கார் நியமித்த நிபுணர் கமிட்டி அதே வருஷம் அறிக்கை கொடுத்திருந்தது. 2018 ஜூலை விலைவாசிப்படி நாளொன்றுக்கு 375 ரூபாயாவது வேண்டும் என்றது. கமிட்டியில் இருந்தவர்கள் நம் சங்கத்துக்காரர்கள் அல்ல. சாப்பாட்டுக் கணக்கை ஆளுக்கு 2700 கலோரியிலிருந்து 2400 ஆகக் குறைத்துப் போட்டவர்கள். வயிற்றைச் சுருக்கிப் போட்ட கணக்கிலேயே 375 வந்தது. அதையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு 178 என்றார்கள்.

2700 என்பது நாம் இஷ்டத்துக்குச் சொன்னதல்ல. 1957-ல் டில்லியில் கூடிய தொழிலாளர் மாநாட்டில் சர்க்கார், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட அளவு அது. தொழிலாளி, மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் மூன்று முழு ஆள் சாப்பாடு. குடும்பத்துக்கு வருஷம் 72 கஜம் துணி. வீட்டு வாடகை. விறகு, விளக்கு, சில்லறைச் செலவுக்கு 20 சதவிகிதம். மாநாட்டின் மை உலருவதற்குள், இரண்டாவது சம்பளக் கமிஷன் விசாரித்தபோது, அது சர்க்காரின் முடிவல்ல என்று நிதி இலாகா கை கழுவிவிட்டது! பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், கல்யாணம், முதுமை ஆகியவற்றுக்கு இன்னொரு 25 சதவிகிதம் சேர்க்க வேண்டும் என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. கணக்கு இல்லாமலா கூலி குறைகிறது? கணக்கு இருக்கிறது. கொடுக்கத்தான் மனமில்லை.

பார்லிமெண்ட் மெம்பர்கள் விஷயத்தில் மட்டும் கணக்குத் தவறுவதில்லை. விலைவாசி ஏறினால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை சம்பளம் தானாக ஏற 2018-லேயே சட்டம் செய்து கொண்டார்கள். அதன்படி மாதச் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ஆயிற்று. சபை கூடுகிற நாட்களில் தினப்படி 2500 வேறு. நம் கட்சி மெம்பர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தச் சட்டம். அதற்காக நாம் வாயை மூடிக்கொள்ள முடியாது. மெம்பருக்கு ஏறுகிற விலைவாசி, மில் தொழிலாளிக்கு ஏறாதா?

"நம் தமிழ்நாட்டில் இதைவிட அதிகம் வாங்குகிறோமே, 178 நமக்கெதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். இது ஆபத்தான கேள்வி. கோவையிலும் திருப்பூரிலும் நாம் கூலி உயர்வு கேட்டால் முதலாளி என்ன சொல்கிறார்? "வடக்கே கூலி மலிவு, ஆலையை அங்கே கொண்டு போய்விடுவேன்" என்கிறார். அல்லது பீகாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் ஆட்களை வரவழைத்து விடுதியில் தங்க வைக்கிறார். அங்கே அடிமட்டக் கூலி தரையோடு தரையாகக் கிடப்பதால்தான் இங்கே இந்த மிரட்டல் செல்லுபடியாகிறது. ரயிலேறி வரும் அந்த வாலிபன் நமக்குப் போட்டியாக வந்தவனல்ல, நம்மைப்போல் வயிற்றுக்கு வந்தவன். அவனுடைய கூலியை உயர்த்தாமல் நம்முடைய கூலியைக் காப்பாற்ற முடியாது.

கூலி கூடினால் தொழில் நசித்துவிடும் என்கிறார்களே, தேசத்தின் வருமானம் எங்கே போகிறது? அதை நூறு மரக்கால் நெல்லாக வைத்துக் கொள்ளுங்கள். களத்தில் நூறு பேர் நிற்கிறார்கள். 2022-23-ல் பொருளாதார நிபுணர்கள் போட்ட கணக்குப்படி, ஒரே ஒருவன் 22 மரக்காலுக்கு மேல் அளந்து கொண்டான். கடைசி வரிசையில் நின்ற ஐம்பது பேருக்கும் சேர்த்து 15! இந்தக் களத்தில் நசிப்பது யார்?

விவசாயத் தோழர்களுக்கு இது புதிதல்ல. அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் 1969-ல், அந்தச் சாம்பலுக்குப் பிறகுதான் வந்தது.

இப்போது 1948-ம் வருஷக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் போய், 2025 நவம்பர் 21 முதல் புதிய கூலிச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. அடிமட்டக் கூலிக்கு இனி சட்ட பலம் உண்டு என்று தம்பட்டம் அடிக்கிறார்கள். உண்டு, சரி. ஆனால் எத்தனை ரூபாய் என்பது சட்டத்தில் இல்லை. மத்திய சர்க்கார் வைத்ததே தொகை. 2 ரூபாய் கூட்டிய கைதான் அதையும் எழுதப் போகிறது! கூலியைக் குறைத்துக் கொடுக்கும் முதலாளியைப் பிடிக்க வேண்டிய இன்ஸ்பெக்டருக்கும் 'உதவி செய்பவர்' என்று கூடுதல் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். வழக்குப் போடுமுன் திருந்திக்கொள்ள முதலாளிக்கு அவகாசம் கொடுத்தாக வேண்டுமாம். அரை நாள் வராத தொழிலாளிக்கு எந்த ஆலையில் அவகாசம் கொடுத்தார்கள்?

நம் கோரிக்கை: 1957-ன் அளவு, அதோடு சுப்ரீம் கோர்ட்டு சொன்ன 25 சதவிகிதம், விலைவாசிக்கேற்பப் பஞ்சப்படி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி.

அதற்கு ஆதாரம் நம் கையில் வேண்டும். ஆலைத் தோழர்கள் கூலிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. அடிப்படை எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று பாருங்கள். தெரியாதவர்களுக்குப் பக்கத்திலிருப்பவர் வாசித்துக் காட்டட்டும். விவசாயத் தோழர்கள் நடவுக்கு எவ்வளவு, களையெடுப்புக்கு எவ்வளவு, ஆணுக்கு என்ன, பெண்ணுக்கு என்ன என்று ஊர்வாரியாக நோட்டில் எழுதி சங்கத்தில் சேருங்கள். வடக்கேயிருந்து வந்த தோழர்களின் சீட்டையும் மறக்காமல் கேட்டு வாங்கி வாருங்கள். இத்தனையையும் எடுத்துக்கொண்டுதான் லேபர் ஆபீசுக்குப் போகப் போகிறோம்.