பாட்டரியா, ஆல்டர்னேட்டரா?

தில்லியில் மார்கழி, தை மாதங்களில் நம்மவர் இல்லங்களில் அடிக்கடி எழும் முறையீடு, "காலையில் கார் கிளம்பவில்லை" என்பது. சென்ற குளிர்காலத்தில் நமக்கும் அது நேர்ந்தது. பட்டறைக்காரர் சொல்லை நம்பிப் புதுப் பாட்டரி வாங்கினோம். மூன்றாம் நாள் இரவு, ஊரிலிருந்து வரும் பெற்றோரை அழைத்துவர நிலையத்துக்குப் புறப்பட்டு, பாதி வழியில் நின்றோம். முதியோர் இருவரும் பனியில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தனர். பழுது பாட்டரியில் இல்லை. அதற்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரில் இருந்தது.

குடம் காலியாயிருந்தால் குடத்தையே குறை கூறுவதா? குழாயில் நீர் வருகிறதா என்றும் பார்க்க வேண்டாமா? இதற்குச் சில நூறு ரூபாய் விலையுள்ள மல்டிமீட்டர் ஒன்று போதும்.

முதலாவதாக, பாட்டரியின் முனைகளை நோக்குக. பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்திருந்தாலும், இணைப்புத் தளர்ந்திருந்தாலும், நல்ல பாட்டரியும் பயன் தராது.

இரண்டாவதாக, இரவு முழுதும் நின்ற வண்டியில், என்ஜினை இயக்குமுன் அளந்து பார்க்கவும். 12.6 வோல்ட் இருந்தால் பாட்டரி நிறைந்துள்ளது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் காலி. நிறைந்திருந்தும், சாவி திருப்பும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் பாட்டரி நலிந்துவிட்டது என்று ஐயுறலாம்.

மூன்றாவதாக, என்ஜின் ஓடும்போது அளக்கவும். பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். பன்னிரண்டிலேயே நின்று மெல்லக் குறைந்தால், ஆல்டர்னேட்டரையோ அதைச் சுழற்றும் பெல்ட்டையோ சோதிக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. அது பாட்டரியின் நீரை வற்றச் செய்யும். இம்மூன்றும் சரியாயிருந்தும் விடியலில் வண்டி மௌனம் சாதித்தால், டிக்கி விளக்கைப் போன்ற ஏதேனும் ஒன்று சில இரவுகளில் மின்சாரத்தை உறிஞ்சுகிறதா என்றும் பார்க்கவும்.

ஓடும்போது முகப்பில் எரியும் சிவப்புப் பாட்டரி விளக்கு, பெரும்பாலும் மின்னூட்டம் நின்றதையே அறிவிக்கிறது. நாம் அதனை இரண்டு நாள் கண்டும் காணாதிருந்தோம்.

எச்சரிக்கைகள் இரண்டு. என்ஜின் ஓடுகையில் பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் இக்காலக் கார்களின் மின்னணுக் கருவிகளைக் கெடுத்துவிடும். மேலும், மின்னூட்டத்தின்போது பாட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடியது. அருகில் தீக்குச்சியோ பீடியோ கூடாது.

கோடை வெப்பம் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. குளிர் அக்குறையை வெளிக்காட்டுகிறது. ஆதலின் ஐப்பசியிலேயே ஒருமுறை அளந்து வைப்பது நலம். அன்பர்கள் புதுப் பாட்டரிக்குப் பணம் எண்ணிக் கொடுக்குமுன், என்ஜின் ஓடும்போது மீட்டர் என்ன சொல்கிறது என்று பார்ப்பார்களாக. நாம் பாராததன் பலனை நம் பெற்றோர் நடைமேடையில் அனுபவித்தனர்.