நாற்சந்திப் பிசாசு

ப்ளூஸ் சங்கீதத்தைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கு ஆசை வந்துவிட்டால் போதும். வழி சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். நாலு பேரும் சொல்லுவது ஒரே வழி. நள்ளிரவில் கேட்க வேண்டும். விளக்கை அணைத்துவிட வேண்டும். முதலில் ராபர்ட் ஜான்ஸனைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால், மிஸிஸிப்பி மாகாணத்தில் ஏதோ ஒரு நாற்சந்தியில் அவர் நடுநிசியில் பிசாசைச் சந்தித்து, ஆத்மாவை விற்று, கித்தார் வித்தையை வாங்கிக்கொண்ட கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வழி தவறு என்பது என் கட்சி. தவறு மட்டுமல்ல, கொஞ்சம் அயோக்கியத்தனமும்கூட.

எனக்கும் ஒரு நண்பர் இப்படித்தான் வழி சொன்னார். சொன்னபடியே விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே ஒரு மனிதர் யாரிடமோ முறையிடுகிறார் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது பாட்டும் முதல் பாட்டைப் போலவே இருந்தது. ஐந்தாவது பாட்டில் தூங்கிப்போனேன். மறுநாள் காலையில் நண்பர், "என்ன ஸார், உடம்பு சிலிர்த்துதா இல்லையா?" என்று கேட்டார். "சிலிர்த்தது" என்றேன். பொய். அந்தப் பொய்யை எட்டு வருஷம் காப்பாற்றிக்கொண்டு வந்தேன். நாலு பேர் கூடிய இடத்தில் ராபர்ட் ஜான்ஸன் பேச்சு வந்தால் கண்ணை மூடித் தலையை ஆட்டுவேன். இந்தக் கட்டுரையை அதற்குப் பிராயச்சித்தம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆட்சேபமில்லை.

முதலில் பிசாசை விசாரித்துவிடுவோம். ராபர்ட் ஜான்ஸன் 1911-ல் பிறந்து 1938-ல், 27-வது வயதில் இறந்தவர். 1936 நவம்பரிலும் 1937 ஜூனிலுமாக டெக்ஸஸ் மாகாணத்தில் இரண்டே தடவை பதிவு செய்தார்கள்; மொத்தம் 29 பாட்டுகள். நாற்சந்தியைப் பற்றி அவர் பாடிய பாட்டு ஒன்று உண்டு. அதில் பிசாசே கிடையாது. முழங்காலிட்டுக் கடவுளிடம் கருணை கேட்கிறார். தம்மை வண்டியில் ஏற்றிக்கொள்ள ஆளில்லையே என்று தவிக்கிறார். வேறு பாட்டுகளில் பிசாசு வருகிறது, வாஸ்தவம். ஆனால் எதிலும் வியாபாரம் நடக்கவில்லை. நாற்சந்திக் கதை உண்மையில் டாமி ஜான்ஸன் என்ற வேறொரு பாடகரைப் பற்றி அவருடைய சகோதரர் சொன்னது. பெயர் ஒன்றாக இருந்ததோ என்னவோ, கதை இவர் தலையில் வந்து விடிந்துவிட்டது.

பிசாசு கற்றுக்கொடுக்கவில்லை என்றால் யார் கற்றுக்கொடுத்தது? ஐக் ஸிம்மர்மன் என்று ஒரு மனிதர். சாதாரணக் குடும்பஸ்தர். அவர் வீட்டில் தங்கித்தான் ஜான்ஸன் கித்தார் பயின்றார். இருவரும் ராத்திரியில் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சாதகம் செய்வார்களாம். அங்கேதான் தொந்தரவு இல்லை. குருகுல வாசமும் அசுர சாதகமும் கொண்டு வந்த வித்தை இது. அந்த உழைப்பைத் தூக்கி ஒரு பிசாசின் கணக்கில் எழுதிவிட்டு, அதைப் புகழ்ச்சி என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வெள்ளைக்கார வித்துவான் நன்றாக வாசித்தால் அவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்று கேட்கிறோம். கறுப்பர் ஒருவர் நன்றாக வாசித்தால் எந்தச் சந்தியில் நின்றார் என்று கேட்கிறோம். இதைத்தான் அயோக்கியத்தனம் என்றேன்.

போகட்டும். காலக் கணக்கைப் பாருங்கள். 'கிளாஸிக் ப்ளூஸ்' என்று சரித்திரம் எழுதுகிறவர்கள் பெயரிட்டிருப்பது தனியாகக் கித்தார் வாசித்துப் பாடிய ஆண்களுக்கு அல்ல. 1920-களில் வாத்தியக்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேடையில் நின்று பாடிய பெண்களுக்கு. 1920 ஆகஸ்ட் 10-ந் தேதி நியூயார்க்கில் மேமி ஸ்மித் என்ற பாடகி 'கிரேஸி ப்ளூஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். கறுப்பு மக்கள் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்கமாட்டார்கள் என்று அதுவரை கம்பெனிகள் நினைத்துக்கொண்டிருந்தன. தட்டு வெளிவந்தது, வாங்கித் தீர்த்துவிட்டார்கள். அதன் பிறகு கம்பெனிகள் பாடகிகளைத் தேடி ஓடின. விஸ்கான்ஸினில் ஒரு நாற்காலிக் கம்பெனி கிராமபோன் பெட்டி செய்து விற்றுக்கொண்டிருந்தது. பெட்டி விற்க வேண்டுமே என்பதற்காகத் தட்டும் போட ஆரம்பித்தது. அந்தப் பாரமவுண்ட் தட்டுகளில்தான் மா ரெய்னியின் குரல் இன்று நமக்கு மிஞ்சியிருக்கிறது. 1923 முதல் 1928 வரை நூறு பாட்டுக்குக் கிட்டத்தட்டப் பாடினார். நாற்காலி எப்படியோ, தட்டு மட்ட ரகம்.

பிறகு பெஸ்ஸி ஸ்மித். டென்னஸி மாகாணத்தில் சாட்டனூகா என்ற ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, தெருவில் பாடி, கூடாரக் கொட்டகைகளில் பாடி வளர்ந்தவர். 1923-ல் முதல் தட்டு. ஆறு மாதத்தில் 7,80,000 பிரதி விற்றதாகச் சொல்லுகிறார்கள். ராயல்டி ஒரு சல்லி கிடையாது. பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். தெற்கு மாகாணங்களில் கறுப்பர்களுக்கு ஹோட்டலில் அறை தரமாட்டார்கள் என்பதால் 1925-ல் தமக்கென்று ஒரு ரயில் பெட்டியே வாங்கினார். கோஷ்டி முழுவதும் அதில்தான் சமையல், தூக்கம், பிரயாணம். கித்தாரும் கையுமாகத் தனி மனிதர் ஒருவர் பாடி அமெரிக்காவெங்கும் தட்டு விற்றது 1926-ல், பிளைண்ட் லெமன் ஜெபர்ஸன் வந்த பிறகுதான். ராபர்ட் ஜான்ஸன் பதிவுக்கு வந்தபோது பெஸ்ஸி தம் கடைசித் தட்டைப் பாடி மூன்று வருஷம் ஆகிவிட்டது.

அப்படியானால் முன்னால் வந்தவர்கள் பின்னால் தள்ளப்பட்டது எப்படி? 1950-களிலும் 60-களிலும் பழைய தட்டுகளைத் தேடிச் சேகரித்த ரசிகர்கள் பலருக்கு ஒரு கொள்கை இருந்தது. லட்சக்கணக்கில் விற்ற தட்டு வியாபாரம். நாலு பிரதி மிஞ்சிய தட்டு கலை. சரிகையும் இறகும் கட்டிக்கொண்டு மேடையில் பாடியது நாடகம். திண்ணையில் உட்கார்ந்து தனியாகப் பாடியது அனுபவம். 1961-ல் ராபர்ட் ஜான்ஸனின் பாட்டுகளைத் தொகுத்து ஒரு நெடுந்தட்டு வந்தது. 'டெல்டா ப்ளூஸின் அரசர்' என்று பட்டம் கட்டினார்கள். அவர் உயிரோடு இருந்தபோது அப்படி ஒரு ராஜ்யம் இருந்ததாக யாருக்கும் தெரியாது. விற்காததுதான் உயர்ந்தது என்கிற கொள்கை என் போன்ற எழுத்தாளனுக்கு மிகவும் சௌகரியமானது. என் நாவல்கள் எவ்வளவு உயர்ந்தவை என்பது என் பதிப்பாளருக்குத் தெரியும். இருந்தாலும் அது பொய்க் கொள்கை. அந்தத் தனி மனிதரான ஜான்ஸனே லீராய் கார் முதலியவர்களின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணியவர்தானே?

சரி, எங்கே ஆரம்பிப்பது? 'பாக்வாட்டர் ப்ளூஸ்' என்று ஒரு பாட்டு. 1927 பிப்ரவரியில் பெஸ்ஸி ஸ்மித் பாடியது. பக்கத்தில் ஜேம்ஸ் பி. ஜான்ஸனின் பியானோ மட்டும். விளக்கை அணைக்க வேண்டாம். காப்பி குடித்துக்கொண்டே கேட்கலாம். ப்ளூஸின் கட்டுமானம் அதில் கண்ணாடிபோலத் தெரியும். ஓர் அடி பாடுகிறார். அதே அடியை மறுபடி பாடுகிறார். மூன்றாவது அடியில் முடிச்சு. அடிக்கு நாலு அளவு, அளவுக்கு நாலு தட்டு. மூன்று அடிக்குப் பன்னிரண்டு அளவு. ஆனால் பாடகி அந்த நாலு அளவையும் நிரப்புவதில்லை. ஏறக்குறையப் பாதியில் நிறுத்திவிடுகிறார். மீதியில் பியானோ பதில் சொல்லுகிறது. அந்த இடைவெளியைக் கேட்கப் பழகிவிட்டால் ப்ளூஸ் கேட்கப் பழகிவிட்டது என்று அர்த்தம். நான் எட்டு வருஷம் குரலை மட்டும் துரத்திக்கொண்டிருந்தேன். பாதிப் பாட்டு குரல் ஓய்ந்த இடத்தில் நடப்பது எனக்குத் தெரியவில்லை.

பாட்டு வெள்ளத்தைப் பற்றியது. வீட்டைத் தண்ணீர் சூழ்ந்துவிடுகிறது. படகில் வந்து அழைத்துப் போகிறார்கள். ஒரு மேட்டில் ஏறி நின்று தன் வீடு இருந்த இடத்தைப் பார்க்கிறாள் ஒருத்தி. பியானோவின் இடது கை கீழே உருண்டுகொண்டே இருக்கிறது. ஒப்பாரி கிடையாது, கூச்சல் கிடையாது. திரும்பச் சொல்லுகிற இரண்டாவது அடியைக் கவனியுங்கள். வார்த்தை அதேதான், எடை வேறு. முதல் தடவை செய்தி சொன்னவள், இரண்டாம் தடவை அதை நம்ப முயற்சி செய்கிறாள். சில இடங்களில் காந்தாரம் நம் சாதாரணத்திலும் நிற்காமல் அந்தரத்திலும் நிற்காமல் நடுவே இழைகிறது. பியானோவில் அந்த ஸ்வரத்துக்குக் கட்டை கிடையாது. தொண்டைக்குத்தான் தெரியும்.

1927-ன் பெரிய மிஸிஸிப்பி வெள்ளத்தைப் பாடியது இது என்று பலர் எழுதிவிட்டார்கள். அந்த வெள்ளம் கரையை உடைத்தது ஏப்ரலில். பாட்டு பதிவானது பிப்ரவரியில். வெள்ளம் வந்த பிறகு ஜனங்கள் அந்தப் பாட்டைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து 'ஸெயின்ட் லூயிஸ் ப்ளூஸ்', 1925 ஜனவரி. ஹாண்டி எழுதிய பாட்டு. இதில் பெஸ்ஸிக்குப் பதில் சொல்லுகிறவர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங், கார்னெட் வாத்தியத்தில். அப்போது அவருக்கு 23 வயது. பின்னால் சுருதிபோல ஒலிப்பது என்ன என்று நினைக்கிறீர்கள்? ஆர்மோனியம்! எனக்கு ஒரு நிமிஷம் பழைய நாடகக் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது. கூடாரக் கொட்டகையில் வளர்ந்த பாடகிக்கு அது பொருத்தம்தான். ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு கொட்டகை முழுவதையும் கட்டிப்போட்ட குரல் அது. அதை நாடகம் என்று தள்ளுகிறவர்கள், அப்படி ஓர் அடியை நீட்டி நிறுத்திப் பார்க்கட்டும்.

இந்தப் பெண்கள் எப்போதும் அழுதுகொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓடிப்போன புருஷனைக் கேலி செய்கிறார்கள். வீட்டுக்காரனைத் திட்டுகிறார்கள். குடியைப் பாடுகிறார்கள். பச்சையாகச் சிலேடை பேசுகிறார்கள். இந்தப் பத்திரிகையில் விளக்க முடியாத சிலேடை. நடுராத்திரி ரசிகருக்கு இது பிடிப்பதில்லை. அவருக்குத் துக்கம்தான் வேண்டும். அதுவும் அடுத்தவர் துக்கம்.

பெஸ்ஸியையும் அவர்கள் விடவில்லை. 1937 செப்டம்பரில் கிளார்க்ஸ்டேல் ஊருக்குப் பக்கத்தில் கார் விபத்தில் சிக்கி இறந்தார். வெள்ளையர் ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ளாததால் வாசலில் உயிர் போயிற்று என்று கதை பரவியது. எட்வர்ட் ஆல்பி அதை வைத்து நாடகமே எழுதினார். நடந்தது அதுவல்ல, அவரை நேரே கறுப்பர் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். இரண்டு ஆஸ்பத்திரி இருந்ததே போதாதா கொடுமைக்கு? மூன்றாவதாக ஒரு கதை வேண்டுமா? இவ்வளவு கதை சொன்னவர்கள் அவர் சமாதிக்கு ஒரு கல் வைக்கவில்லை. 33 வருஷம் கழித்து, 1970-ல், பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸி வீட்டில் வேலை செய்த ஓர் அம்மாளும் சேர்ந்து காசு போட்டுக் கல் நாட்டினார்கள்.

நாவலாசிரியர் ஜேம்ஸ் பால்ட்வின் ஸ்விட்சர்லாந்தில் ஒரு மலைக்கிராமத்தில் உட்கார்ந்துதான் தம் முதல் நாவலை முடித்தார். 1953-ல் வெளிவந்தது. கையோடு கொண்டுபோனது ஒரு டைப்ரைட்டரும் பெஸ்ஸி ஸ்மித்தின் இரண்டு தட்டுகளும். அமெரிக்காவில் இருந்தவரை வெட்கப்பட்டுக் கேட்காமலே இருந்தவர். சின்ன வயதில் தாம் பேசிய பேச்சின் லயம் அந்தக் குரலைக் கேட்டுத்தான் திரும்பக் கிடைத்தது என்று எழுதியிருக்கிறார். பிசாசு அவருக்கும் தேவைப்படவில்லை.

ராபர்ட் ஜான்ஸனைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெஸ்ஸியை ஒரு மாதம் கேட்டுவிட்டு அவரிடம் போனேன். இந்தத் தடவை தூக்கம் வரவில்லை. கட்டைவிரல் ஒரு ஆளாகவும் மற்ற விரல்கள் வேறு ஆளாகவும் பேசுவது அப்போதுதான் காதில் விழுந்தது.

சென்ற வாரம் என் நண்பர் வந்திருந்தார். எட்டு வருஷத்துப் பொய்யை அவரிடம் ஒப்புக்கொண்டு, மேலே எழுதியதையெல்லாம் சொல்லி, 'பாக்வாட்டர் ப்ளூ'ஸையும் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது எல்லாம் சரி ஸார். ஆனாலும் அந்தப் பிசாசு கதை நல்ல கதை ஸார்" என்றார். கதை எழுதிப் பிழைக்கிறவன் அதை எப்படி மறுப்பது? மறுக்கவில்லை. பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டேன்.