பூனையின் கட்டியும் வட்ஸ்அப் டொக்டர்களும்

ஹல்துமுல்லையில் பூனை வளர்க்கும் எல்லா வீட்டாருக்கும்தான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசர்நோய்த் தடுப்பூசி போட்டு பத்து நாள் போக, எங்கள் வீட்டுப் பூனையின் தோள்பட்டைகளுக்கு நடுவே கடலை அளவில் ஒரு கட்டி. பக்கத்து வீட்டுப் பூனைக்கும் அப்படித்தான். அதே கிழமை ஒரு குரல் பதிவு சுற்றியது. ஊசியால் பூனைக்குப் புற்றுநோய் வருகிறதாம், இனி யாரும் கொண்டுபோக வேண்டாமாம். பேசியவர் யார், எந்த ஊர், யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அதை ஐந்து பேர் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர் ஆசிரியர்கள்!

எங்கள் பூனையின் கட்டி மூன்றாம் கிழமையே கரைந்துவிட்டது. ஊசி மருந்தில் உடலை உசுப்பிவிடச் சேர்க்கும் அலுமினிய உப்புக்கு அந்த இடம் வீங்கிக் காட்டும் எதிர்ப்புத்தான் அது. பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

அந்தக் குரல் பதிவு முழுப் பொய்யென்றும் நாங்கள் சொல்லமாட்டோம். ஊசி போட்ட இடத்தில் பூனைகளுக்குப் புற்றுக்கட்டி வருவதை 1991இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மிருக வைத்தியர்கள் எழுதினார்கள். ஏறத்தாழ பத்தாயிரம் பூனைகளில் ஒன்றுக்கு வரும் என்பது பரவலான கணக்கு. வந்தால் பொல்லாதது. அதனால்தான் தோள்பட்டை நடுவில் குத்தாமல் காலின் கீழ்ப்பகுதியில் போடுங்கள் என்கிறார்கள். அங்கே வந்தால் காலை எடுத்தாவது உயிரைக் காப்பாற்றலாம்.

எப்போது பயப்பட வேண்டும்? கட்டி மூன்று மாதம் தாண்டியும் இருந்தால், இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் பெருத்தால், ஊசி போட்டு ஒரு மாதமான பிறகும் வளர்ந்துகொண்டே போனால். இதில் ஒன்று இருந்தாலும் மிருக வைத்தியரிடம் போங்கள். பிதுக்காதீர்கள், மஞ்சள் பூசிக்கொண்டு இருக்காதீர்கள்.

இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஊசி போட வந்தவர்கள் சொன்னார்களா? இல்லை. ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், வரிசையில் நிறுத்திக் குத்தினார்கள், அட்டையை நீட்டினார்கள், போய்விட்டார்கள். எந்த இடத்தில் குத்தினார்கள் என்று அட்டையிலும் இல்லை. சொல்ல வேண்டியவர் வாயை மூடினால் வட்ஸ்அப்காரன் வாயைத் திறப்பான். இந்தக் கோபம் எங்களுக்கு இருக்கிறது.

அதற்காகப் பூனையை ஊசி இல்லாமல் விடுவதா? 1973இல் இலங்கையில் விசர்நோயால் 377 பேர் மௌத்தானார்கள். இப்போது வருடத்துக்கு இருபது முப்பது பேர். நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஊசி போட்டதாலும், கடிபட்டவர்களுக்கு அரச ஆஸ்பத்திரியில் இலவசமாக ஊசி கிடைப்பதாலும் வந்த இறக்கம் அது. நோய்க்குறி தெரிந்துவிட்டால் மருந்தில்லை. பத்தாயிரத்தில் ஒன்றுக்குப் பயந்து, வந்தால் தப்பவே முடியாததை வீட்டுக்குள் விடுகிறோம். லயத்தில் ஒரு வீட்டுப் பூனை எட்டு வீட்டு அடுப்படியில் படுக்கும், பிள்ளைகளின் போர்வைக்குள்ளும் படுக்கும்.

போன மாதம் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்று கையில் கீறலோடு வந்தது. ஊசி போடாத பூனை. உம்மா அடிப்பார் என்று நான்கு நாள் மறைத்திருக்கிறது. சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று அதற்குத் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஊசி போட்டாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அந்த வீட்டிலும் அதே குரல் பதிவு இருந்தது.

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்ற பெண்ணின் ஹதீஸை ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டுகிறோம். அந்தப் பூனைக்கு ஊசி என்றால் மட்டும் யாரோ ஒருவரின் குரலை நம்புகிறோம்.

அடுத்த முறை வண்டி வரும்போது பூனையோடு போவோம். காலில் போடச் சொல்வோம், திகதியையும் இடத்தையும் அட்டையில் எழுதித் தரச் சொல்வோம். எழுத மறுத்தால் அந்த அட்டையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.