கழுகுக்கு வைத்த விருந்து

பசித்த உயிருக்கு இரை போடுவது தருமம். அது மட்டும் போதுமா?

குளிர் மிகுந்த சுவீடன் நாட்டில் கடற்கழுகு என்னும் பெரிய பறவை உண்டு. பால்டிக் கடல் மீனும் நீர்ப்பறவையும் அதன் இரை. அந்த இரையில் டி.டி.டி. முதலிய நஞ்சு ஏறிவிட்டது. கழுகின் முட்டை ஓடு மெலிந்தது. பல முட்டைகள் பொரிக்கவே இல்லை. இனமே அழியும் நிலை!

1971-ல் அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் முன்வந்தனர். பனிக்காலத்தில் நஞ்சில்லாத இறைச்சியைக் கரையோரம் வைத்தனர். இளங்கழுகுகள் பல பிழைத்தன.

கழுகு தின்றது எது என்று அறிய ஒரு வழி உண்டு. செரிக்காத ரோமத்தையும் இறகையும் அது உருண்டையாகக் கக்கும். அதைப் பிரித்துப் பார்த்தால், வைத்த இரையா, வேட்டையாடிய இரையா என்பது ஓரளவு புரியும். வெறும் சதையோ அடையாளம் விடாது. ஆகவே கண்ணாலும் பார்க்க வேண்டும்.

பனி விலகியதும் கழுகு கடலுக்கே திரும்பியது. அங்கே நஞ்சு காத்திருந்தது! 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தடை வந்தது. கடலில் நஞ்சு மெல்லக் குறைந்தது. 1980-களில்தான் கூடுகளில் குஞ்சுகள் பெருகத் தொடங்கின.

இரை போடுவது நல்லது. இரையில் நஞ்சு கலக்காமல் காப்பது அதைவிட நல்லது அல்லவா?